நாலாவது முறைக்கு வருகிறவன்

ஜூலை 13, ஞாயிறு

முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ரசம், அப்பளம். ஆறு பேருக்கு ஆகிற மாதிரி சமைத்தேன். நாலு பேர் சாப்பிட்டோம், மிச்சம் இல்லை.

நாலாவது ஆள் வருவான் என்று குகன் சொல்லவேயில்லை. பெயர் ரீஸ், ஆஸ்திரேலியாக்காரன், இருபத்துமூன்று வயது. நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான். குகனுடைய வேலைக்குப் போட்டியாக வந்திருப்பவன் இவன்தான்.

இந்த அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பத்து யார்டு முன்னேற நாலு வாய்ப்பு. மூன்றிலும் முடியாமல் போனால் நாலாவதற்கு என் பிள்ளை வருவான். பந்தை உயர உதைத்து, எதிராளியை மைதானத்தின் அந்தக் கோடிக்கு விரட்டிவிட்டு, போய் உட்கார்ந்துகொள்வான். அவனுக்குப் பன்ட்டர் என்று பெயர். அணிக்கு ஒருவன்தான். நூலகத்தில் சிறுவர் பகுதியில் ஒரு புத்தகம் இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வந்து, அஞ்சறைப்பெட்டிக் கிண்ணங்களை ஆட்களாக நிறுத்திப் பார்த்துப் படித்துக்கொண்டேன். கடுகுதான் பன்ட்டர்.

நம் ஊர் மில்வாக்கி ஹெரான்ஸ் அணி இந்த வருடம் பயிற்சி முகாமுக்கு இரண்டு பன்ட்டர்களை எடுத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவனை அனுப்பிவிடும்.

ரீஸ் கை கழுவப் போனபோது குகனைச் சமையலறைக்குள் இழுத்தேன்.

“ஏண்டா, உன் வேலையைப் பிடுங்க வந்தவனையே சாப்பிடக் கூட்டிட்டு வந்திருக்கே?”

“ஹோட்டல்ல தனியா கிடக்கான்மா. மூணு வேளையும் பிரெட்டு.”

“அது அவன் பாடு.”

“அம்மா, நாளையிலேருந்து நானும் அவனும்தான் மைதானத்து மூலையில நின்னு ஒரே பந்தை மாத்தி மாத்தி உதைக்கணும். மத்தவங்க யாரும் எங்க ரெண்டு பேரையும் ஆளாவே மதிக்க மாட்டாங்க. சண்டை போட்டுக்கிட்டு எப்படி நிக்கிறது?”

பரிமாறுகிற அவசரத்தில் ரீஸுக்கு அப்பளம் வைக்க விட்டுப்போயிற்று. குகன் தன்னுடையதைப் பாதியாக உடைத்து அவன் தட்டில் வைத்தான்.

ஜூலை 14, திங்கள்

துவரம்பருப்பு, நல்லெண்ணெய், கறிவேப்பிலை: இருபத்தாறு டாலர் முப்பது. அப்பளம் இரண்டு கட்டு, தனி.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் கிருத்திகை. கோயிலில் நல்ல கூட்டம். பொங்கல் செய்ய ஆள் போதவில்லை என்றதால் மதியம் வரை அங்கேயே அடுப்படியில் நின்றேன்.

முருகன் சன்னிதியில், “குகனுக்குக் கிடைக்கட்டும்” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றவனுக்குக் கிடைக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.

காரில் வரும்போது இவரிடம் சொன்னேன். “ரெண்டும் ஒண்ணுதானே லோகா?” என்றார். முப்பது வருடம் இரும்பைக் கடைந்த மனிதர். எதையும் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்துதான் பேசுவார்.

“ஒண்ணு இல்ல” என்றேன்.

“ஒரு நாற்காலி, ரெண்டு பேரு. ஒருத்தன் உக்காரணும்னா…”

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

வீட்டுக்கு வந்து குகனின் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டேன். நாலு அணி, நாலு நிறம். கல்லூரி முடித்ததும் அவனை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. சும்மா வந்து உதைத்துக் காட்டு என்று ஓர் ஊரில் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு வருடம் நன்றாகப் போயிற்று. அடுத்த வருடம் இளவட்டம் ஒருவன் வந்ததும் போகச் சொல்லிவிட்டார்கள். பிறகு யாருக்காவது கால் சுளுக்கினால் மூன்று வாரம், இரண்டு வாரம் என்று கூப்பிட்டார்கள். போன வருடம் முழுக்க ஒரு பல்பொருள் அங்காடியின் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே தனியாக உதைத்துப் பழகினான். இப்போது இருபத்தொன்பது. இந்தத் தடவையும் இல்லையென்றால் போதும், பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றைக்கு அவன் இரண்டாவது தோசை கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ரீஸ் வந்தான். தானே தட்டு எடுத்து வைத்தான். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, “அம்மா, இன்னொண்ணு” என்று தமிழில் கேட்டான். குகன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

சாப்பிட்டபின் இருவரும் பின்புறப் புல்தரைக்குப் போனார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குகன் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து, பறந்து வரும் பந்தைப் பிடித்து, அதே மூச்சில் தரையில் நிமிர்த்தி ஒரு விரலால் தாங்கினான். கோல் உதைக்கிற கிக்கருக்கு இப்படிப் பந்தைப் பிடித்துக் கொடுப்பதும் பன்ட்டரின் வேலை. இதில் குகனை மிஞ்ச ஆள் கிடையாது. ரீஸுக்கோ சுத்தமாக வராது. அவர்கள் ஊர் ஆட்டத்தில் அப்படி ஒன்றே இல்லையாம். உதைக்கிற வலுவில் ரீஸ் ஒரு படி மேலே. பிடிக்கிறதில் குகன் பத்துப் படி மேலே. இதை வைத்துத்தான் நான் தைரியமாக இருந்தேன்.

அதைத்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்!

ஈரக் கையோடு வெளியே போனேன்.

“குகா, உள்ள வா. உன் கையில இருக்கிற ஒண்ணையும் எடுத்து அவன் கையில வைக்கிறியே, உனக்குப் புத்தி இருக்கா?”

“அவன் பிடிக்கிறது கோணலாப் போச்சுன்னா கிக்கர் சாலமன் அடிக்கிறதும் கோணலாப் போகும்மா. சாலமனுக்கு ரெண்டு குழந்தைங்க. அவன் வேலை போயிடும்.”

“உன் வேலை?”

“ரீஸ் மட்டும் சும்மாவா இருக்கான்? பந்து விழுந்ததும் பின்னால உருளுற மாதிரி ஒரு உதை, அவங்க ஊரு உதை, அதை எனக்குச் சொல்லித் தர்றான். அவன் அம்மா அங்கேருந்து போன்ல திட்டிக்கிட்டு இருக்காங்களாம்.”

கேட்டுக்கொண்டிருந்த ரீஸுக்கு என்ன புரிந்ததோ, போனை எடுத்துத் தன் அம்மாவைக் கூப்பிட்டு என் முன்னால் நீட்டினான். அங்கே விடிந்திருந்தது. பெயர் ஜோன். ஆட்டுத்தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“என் பிள்ளைக்குச் சோறு போடுறது நீங்கதானா?” என்றாள்.

“ஆமாம். உங்க பிள்ளை ரசம் குடிக்கிறான்.”

“உங்க பிள்ளைக்கு அவன் அந்த உதையைச் சொல்லித் தர்றானாமே? முட்டாள்.”

“என் பிள்ளையும் முட்டாள்தான்” என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைக்கும்போது, “யாருக்குக் கிடைச்சாலும் இன்னொருத்தனைப் பட்டினி போட்டுடாதீங்க” என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

முதல் பயிற்சி ஆட்டம். இவர் பச்சைச் சட்டை, நான் பச்சைப் புடவை. கொண்டுபோன புளியோதரையை வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். திரும்பும்போது கேட்டால் காணவில்லை என்றார்கள். டப்பா நல்ல எவர்சில்வர்.

முதல் பாதி குகனுக்கு, இரண்டாம் பாதி ரீஸுக்கு. மூன்றாவது முயற்சியில் நம் ஆள் பந்தைத் தவறவிட்டான். நான் எழுந்து கை தட்டினேன். என் பிள்ளை வெளியே வர வேண்டுமே! சுற்றியிருந்தவர்கள் தலையில் கை வைத்திருந்தார்கள். அடுத்த முறையும் அப்படித்தான். இவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

பின்வரிசையில் முகத்தில் பச்சைச் சாயம் பூசிய ஒரு பெரியவர் குனிந்தார். “அம்மணி, நீங்க யாரு பக்கம்?”

“ஹெரான்ஸ் பக்கம்தான்.”

“நாங்க தோக்கும்போதெல்லாம் கை தட்டுறீங்களே?”

“எட்டாம் நம்பர் என் பிள்ளை.”

அவர் மைதானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் வரிசை முழுக்கக் கேட்கும்படி, “இவங்க பன்ட்டரோட அம்மாடா, விடுங்க!” என்று கத்தினார். அதன்பின் ஒவ்வொரு முறை நாங்கள் தடுக்கப்பட்டபோதும், அந்த வரிசையே எனக்காக ஒரு தடவை கை தட்டிவிட்டுத்தான் அணியைத் திட்டியது.

குகன் உதைத்தது எல்லாம் நேராக, சொன்ன இடத்தில் விழுந்தது. இரண்டாம் பாதியில் ரீஸ் ஒன்று உதைத்தான். அரங்கமே அண்ணாந்தது. விளக்குக் கம்பத்துக்கும் மேலே போய், இறங்க மனமில்லாத மாதிரி நின்றது. அழகாக இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. உயரமாக இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, விளையாட்டு ஆசிரியர் வேலைக்கு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நல்ல இடம், வீட்டுக்குப் பக்கம். “தினமும் மதியம் நீ செஞ்ச சோறு” என்றான் குகன். எனக்கு அது சந்தோஷம்தானே என்று இவர் கேட்டார். சந்தோஷம்தான். வெள்ளிக்கிழமை ஆனதால் விளக்குகளைத் தேய்த்துக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியவற்றையும் கழுவினேன்.

ஆகஸ்ட் 23, சனி

கடைசிப் பயிற்சி ஆட்டம். பச்சைச் சாயப் பெரியவர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

ரீஸ் இன்று மூன்று தடவை பந்து பிடித்துக் கொடுத்தான், மூன்றும் ஊசி மாதிரி நின்றன. சாலமன் மூன்றையும் உள்ளே அடித்தான். என் பிள்ளை ஓரத்தில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்தான். அவன் சொல்லிக் கொடுத்ததாலேயே அவன் வேலை போகிறது என்று நினைத்தேன்.

கடைசிக் கட்டத்தில் குகன் வந்தான். பந்து எதிராளியின் கோட்டுக்கு வெகு பக்கத்தில் விழுந்தது. உள்ளே உருண்டு போய்விட்டால் வீண். போகவில்லை. தரையைத் தொட்டதும், மறந்துபோன சாமானை எடுக்கத் திரும்புகிறவனைப் போலப் பின்னால் திரும்பி உருண்டு, கோட்டுக்கு இரண்டு முழம் முன்னால் படுத்துக்கொண்டது. ஆஸ்திரேலிய உதை! ஓரத்திலிருந்து முதலில் ஓடிவந்து குகனைத் தூக்கியது ரீஸ்தான்.

“இப்போ என்ன பண்ணுவாங்க? ரெண்டு பேருமே நல்லா ஆடிட்டாங்களே” என்றேன், காரில் திரும்பும்போது.

“அதுதான் சொன்னேன்” என்றார் இவர். “ஒரு நாற்காலி.”

இந்தத் தடவை நான் ரோட்டைப் பார்க்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாளை மதியம் பட்டியல். தூக்கம் வருகிறது, படுக்கிறேன். (வரவில்லை.)

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முறையாகவே எழுதுகிறேன்.

பட்டியல் நாளில் அணிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வைத்துக்கொள்ளப் போகிறவனுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். அனுப்பப் போகிறவனுக்குத்தான் மணி அடிக்கும். ‘டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வா’ என்பார்கள், அவ்வளவுதான். ஆட்டத் திட்டமெல்லாம் அந்த டேப்லெட்டில்தான் இருக்குமாம். ஆகவே மூன்று மணி வரை மணி அடிக்காமல் இருந்தால் வேலை உண்டு. முகாமில் தன் அறையிலேயே தனியாக இருக்கப்போவதாகவும், யாரும் பேச வேண்டாம் என்றும் குகன் நேற்றே எங்களிடம் சொல்லிவிட்டான்.

நாளைக்கு விநாயகர் சதுர்த்தி. நான் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டேன். முந்நூறு கொழுக்கட்டை. மாவு பிசைந்த கையோடு நின்றபோது நினைவு வந்தது: செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ராகு காலம். அதற்குமுன் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டானோ என்னவோ. அவன் பேச வேண்டாம் என்றது பொதுவான பேச்சை. விபூதி வேறு. என் போனை வீட்டிலேயே விட்டிருந்தேன். கோயில் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. குளிக்கிறான் போலும் என்று பூரணம் கிளறப் போய்விட்டேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. இவர் டிவியின் முன் நின்றுகொண்டிருந்தார். பட்டியல் முழுதாக வரவில்லை. குகன் போனை எடுக்கவில்லை. நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டாராம்.

வாசலில் கார் நின்றது. குகன் வந்தான். கண் வீங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான். இவர் அவன் தோளில் கை வைத்து, “பரவால்லப்பா, பள்ளிக்கூட வேலையும் நல்ல வேலைதான்” என்றார்.

“அப்பா, எனக்கு வேலை இருக்கு” என்றான். “ஆனா நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போவேன்னு தெரியல.”

பிறகு சொன்னான். ஒன்றரை மணிக்கு மணி அடித்ததாம். தெரியாத எண், மில்வாக்கி எண். எடுக்கக் கை வரவில்லை. மறுபடியும் அடித்தது. ‘போனில் கேட்க வேண்டாம், நேரில் போய் மரியாதையாக விடைபெற்றுக்கொள்வோம்’ என்று போனை மேசையிலேயே வைத்துவிட்டு, டேப்லெட்டோடு கிளம்பிப் போயிருக்கிறான். போனவன் நேராக ஆபீசுக்குப் போகவில்லை. அணியின் சமையற்கட்டுக்குப் போய் அங்கிருக்கும் சமையல்காரம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். சலவைக்காரரிடம் தன் நல்ல காலணியைக் கொடுத்திருக்கிறான். கோச்சிடம், “ரீஸை நல்லா பாத்துக்கோங்க, இடது பக்கம் வர்ற பந்தைப் பிடிக்கும்போது மட்டும் அவசரப்படுவான்” என்று சொல்லியிருக்கிறான். கோச் பாவம், ஒன்றும் புரியாமல் அவன் முதுகில் தட்டியிருக்கிறார்.

கடைசியில் ஆட்களைச் சேர்க்கிற, நீக்குகிற அதிகாரி கெல்லரின் மேசையில் டேப்லெட்டை வைத்தானாம்.

“இது என்ன?”

“நீங்க கூப்பிட்டீங்களே சார். ரெண்டு தடவை.”

“நான் உன்னைக் கூப்பிடலையே.”

“மணி அடிச்சுதே சார்.”

“தம்பி, இந்த வருஷம் நீதான் எங்க பன்ட்டர். இதை எடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமைக்குள்ள படிச்சு வை.”

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்க எனக்கு அவகாசம் இல்லை. நான் பூஜை அலமாரியின் முன் நின்றிருந்தேன்.

“அப்போ போன் பண்ணது யாரு?” என்று இவர் கேட்டார்.

அடுப்பில் பால் இருந்ததால் நான் சமையலறைக்குப் போனேன். குகன், வரும் வழியில் அறையிலிருந்து எடுத்து வந்த போனில் அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். “வணக்கம், கோயில் ஆபீஸ்” என்றது மேனேஜர் ராமசேஷனின் குரல். “குகனா? உங்கம்மாதான் தம்பி ரெண்டு தடவை போட்டாங்க. விபூதி வச்சுக்கிட்டியான்னு கேக்கணுமாம்.”

குகன் போனை மேசையில் வைத்தான்.

“அம்மா!”

“பால் பொங்குதுடா” என்றேன்.

“நான் ஷூவைத் தூக்கிக் குடுத்துட்டேன்மா! கோச்சைக் கட்டிப் பிடிச்சேன்! சமையல்காரம்மா என்னோட சேந்து அழுதாங்க!”

“நல்லவங்கதான், அழட்டும். விபூதி வச்சியா இல்லையா?”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்தவே முடியவில்லை. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். இவர் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். நானும்தான்.

அப்புறம் சிரிப்பு நின்றது. “வெளிய வரும்போது ரீஸ் உள்ள வந்தான்” என்றான் குகன். “அவனுக்கு நிஜமாவே மணி அடிச்சிருக்கு. கையில டேப்லெட். நான் அழுறதைப் பாத்துட்டு, ‘போறது நான், நீ ஏண்டா அழுவுறே’ங்கிறான்.”

அரைத் தேங்காய்ப் பூரணம் மிச்சம். அதை வைத்து ராத்திரியே தனியாகப் பன்னிரண்டு கொழுக்கட்டை பிடித்தேன். கோயில் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுக் கணக்கு.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

ரீஸ் பெட்டியோடு வந்தான். மாலை விமானம். பிள்ளையார் முன்னால் அவனையும் உட்கார வைத்தேன். தோப்புக்கரணம் போடச் சொன்னேன். அவ்வளவு நீளக் காலை மடக்கிப் போட்டான். பன்னிரண்டில் ஒன்பது கொழுக்கட்டை தின்றான். மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தேன். வாசலில் குனிந்து என்னை அணைத்துக்கொண்டான். “கோணலா ஓடாதே, நேரா வீட்டுக்குப் போ” என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது.

குகன் காரில் கூட்டிப்போனான். வீடு அமைதியாகிவிட்டது. நான் பூஜைப் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கார் திரும்பி வந்தது. இரண்டு கதவும் படார் படார் என்று சாத்திக்கொண்டன.

“அம்மா! கொழுக்கட்டை இருக்கா?” என்றது ரீஸின் குரல்.

நெடுஞ்சாலையில் போகும்போதே அவனை இன்னொரு அணி கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் பன்ட்டருக்குத் தொடைத் தசை இழுத்துக்கொண்டதாம். வெள்ளிக்கிழமை வந்து உதைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்துப்போனால் அங்கேயே வைத்துக்கொள்வார்களாம். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

“வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு” என்றான் குகன். “இப்பவே பழகணும். அப்பா, வாங்க. பந்து எறிய ஆள் வேணும்.”

“எனக்கு அறுபத்துநாலு வயசுடா.”

“குனிய முடியுமா முடியாதா?”

வீட்டுக்குப் பின்னால் உள்ள பூங்காவுக்குப் போனோம். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிந்தார். முதல் பந்து ஒரு நாயின் மேல் போய் விழுந்தது. மூன்றாவதிலிருந்து கை படிந்துவிட்டது. ஆயிரத்தில் ஒரு பங்கு அளக்கிற கை அல்லவா. ஓடிப்போய்ப் பந்து பொறுக்க ஆள் இல்லை என்றார்கள். நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடுகிற காலணியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோடியில் போய் நின்றேன்.

அங்கிருந்து பார்த்தால் மூன்று பேரும் சின்னதாகத் தெரிந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி உதைத்தார்கள். பந்துகள் என் தலைக்கு மேலே வந்து வந்து விழுந்தன. நான் பொறுக்கிப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். பிறகு இரண்டு பந்தை வைத்துக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் உதைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டும் சேர்ந்து மேலே போயின. ஒன்று வலப்பக்கம் மரத்துக்குள் மறைந்தது. ஒன்று நேராக என்னைப் பார்த்து இறங்கிக்கொண்டே இருந்தது.

நகரலாம் என்றுதான் நினைத்தேன். கால் நகரவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். தொம்மென்று மடிக்குள் விழுந்தது. பின்னால் இரண்டு அடி தள்ளாடினேன், விழவில்லை.

அந்தக் கோடியிலிருந்து ஒரே கூச்சல். இவர் வேட்டியோடு குதிக்கிறார்.

“அது என்னுது!” என்று குகன் கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

“இல்லம்மா, என்னுது!” என்று ரீஸ் அவனை முந்திக்கொண்டு ஓடிவந்தான்.

நான் பந்தை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை.